சாட்டர்ன் கார்: வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் செகண்ட் ஹேண்ட் கார் தேடுகிறவர்கள் கண்ணில் இன்னும் அவ்வப்போது ஒரு சாட்டர்ன் பட்டுவிடுகிறது. விலை மலிவு, பெயரோ இப்போது எந்த ஷோரூமிலும் இல்லாதது. படிக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகள் ஒரு பக்கம் விசாரிப்பார்கள். தொண்ணூறுகளில் அங்கே வேலைக்குப் போய் முதல் காராக இதை ஓட்டியவர்கள் இன்னொரு பக்கம் பழங்கதை பேசுவார்கள். இரு தரப்பும் கேட்பதற்கு இங்கே பதில் இருக்கிறது.

சாட்டர்ன் தனிக் கம்பெனியா, ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) இன்னொரு பெயர்ப்பலகையா?

இரண்டும்தான். ஆரம்பத்தில் முதலாவது, முடிவில் இரண்டாவது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஹோண்டாவும் டொயோட்டாவும் சின்னக் கார் சந்தையை அள்ளிக்கொண்டு போயின. அதே தரத்தில், அதே விலைக்கு ஒரு சின்னக் கார் செய்து லாபம் பார்க்க ஜிஎம்மால் முடியவில்லை. 1982-ல் அதற்கென ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கியது. பழைய தொழிற்சாலைகளையும் பழைய பழக்கங்களையும் வைத்துக்கொண்டு இது நடக்காது என்று முடிவு செய்து, 1985 ஜனவரியில் ஜிஎம் தலைவர் ரோஜர் ஸ்மித் சாட்டர்னைத் துணை நிறுவனமாக அறிவித்தார். தொழிற்சாலை, இன்ஜின், டீலர்கள், தொழிற்சங்க ஒப்பந்தம் எல்லாமே தனி. 1990 ஜூலை 30 அன்று முதல் கார் வெளியே வந்தது. ஓட்டி வந்தவர் ஸ்மித். பக்கத்தில் தொழிற்சங்கத் தலைவர் ஓவன் பீபர். ஸ்மித் அப்போது ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். அவருக்குப் பிறகு சாட்டர்னைத் தன் பிள்ளையாக நினைத்தவர் ஜிஎம் தலைமையில் யாருமில்லை. பின்னால் நடந்த பாதிக் கதைக்கு இதுவே காரணம் என்பேன்.

கிரகத்தின் பெயரா?

சின்னத்தில் இருப்பது கிரகமும் வளையமும்தான். ஆனால் பெயர் வந்தது நிலவுக்கு மனிதனை ஏற்றிப்போன சாட்டர்ன் ராக்கெட்டிலிருந்து. ஏழரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஸ்பிரிங் ஹில் தொழிற்சாலையில் அப்படி என்ன விசேஷம்?

டென்னசி மாநிலத்தில், நாஷ்வில்லுக்குத் தெற்கே, சுமார் ஆயிரம் பேர் மட்டும் வசித்த ஊர் ஸ்பிரிங் ஹில். புது ஆலை தங்கள் மாநிலத்துக்கு வரவேண்டும் என்று ஆளுநர்களே டிவி நிகழ்ச்சியில் உட்கார்ந்து கேட்ட காலம் அது. 1985 ஜூலையில் யோகம் இந்தச் சிற்றூருக்கு அடித்தது.

விசேஷம் உள்ளே வேலை நடந்த விதத்தில் இருந்தது. மற்ற கார் ஆலைகளில் கார் நகர்ந்துகொண்டே இருக்கும், தொழிலாளி கூடவே நடந்தபடி நட்டு முறுக்குவார். இங்கே கார் மரப்பலகை பதித்த ஒரு மேடையில் நகரும். தொழிலாளியும் அதே மேடையில் ஏறி நின்றுகொள்வார். வேலை முடியும்வரை அவருக்குக் கார் அசையாத மாதிரிதான். காலுக்கும் முதுகுக்கும் எவ்வளவு நிம்மதி என்று ஷிஃப்ட் பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுக்கள் தங்களுக்குள் பேசி வேலையைப் பிரித்துக்கொண்டன. சம்பளத்தின் ஒரு பகுதி தரத்தையும் உற்பத்தியையும் பொறுத்தது. இலக்கைத் தாண்டினால் போனஸ். மேலாளர்களும் சங்கப் பிரதிநிதிகளும் ஜோடி ஜோடியாக முடிவெடுத்தார்கள்.

தொழிற்சங்கத்துக்குள் இதற்கு நல்ல எதிர்ப்பும் இருந்தது. நிர்வாகத்தோடு இத்தனை ஒட்டி உறவாடினால் நாளை எதற்குப் போராட முடியும் என்று டெட்ராய்ட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

பேரமே கிடையாது என்று விளம்பரம் செய்தார்களே, உண்மையா?

உண்மை. சாட்டர்னின் உண்மையான கண்டுபிடிப்பு அதுதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

அமெரிக்காவில் அன்று புதுக் கார் வாங்குவதென்றால் பாதி நாள் போய்விடும். ஒட்டியிருக்கும் விலை ஒன்று, விற்பனையாளர் சொல்வது வேறொன்று. "மேனேஜரைக் கேட்டு வருகிறேன்" என்று உள்ளே போகிறவர் காபி குடித்துவிட்டுத் திரும்பி வருவார். பெண்கள் தனியாகப் போனால் கூடுதல் விலை சொல்லும் கொடுமையும் இருந்தது. சாட்டர்ன் ஷோரூமில் ஒட்டியிருக்கும் விலைதான் விலை. பக்கத்து வீட்டுக்காரரும் அதே தொகையைத்தான் கொடுத்திருப்பார். 1991 மாடலில் அடிப்படை எஸ்எல் செடான் 7,995 டாலர். பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் அல்லது 1,500 மைலுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

இது வெறும் நல்ல மனசால் நடந்ததல்ல. ஒரு பெரிய வட்டாரம் முழுவதையும் ஒரே டீலருக்குக் கொடுத்தார்கள். பக்கத்து ஊர் சாட்டர்ன் கடையும் அவருடையதுதான் என்றால், அங்கே போய் "நூறு டாலர் குறைத்துத் தருவீர்களா" என்று கேட்டு என்ன பயன்? போட்டிக்கு ஆளில்லாதபோது விலை தானாக நிலைத்து நிற்கும். பல கடைகளில் விற்பனையாளருக்குக் கமிஷன் பிரதானமாக இல்லாமல் சம்பளமே பிரதானமாக இருந்தது, அதனால் தலையில் கட்டும் அவசரமும் இல்லை.

சாவி கொடுக்கும் நேரத்தில் ஒரு சடங்கு உண்டு. கடையில் இருக்கும் மெக்கானிக், வரவேற்பாளர், விற்பனையாளர் எல்லோரும் காரைச் சுற்றி நின்று கைதட்டி ஆரவாரம் செய்வார்கள், காரோடு நிற்க வைத்து ஒரு போட்டோ எடுப்பார்கள். கூச்ச சுபாவிகளுக்கு அது தர்மசங்கடம். ஆனால் அந்தப் போட்டோவை எத்தனையோ பேர் இன்றும் ஆல்பத்தில் வைத்திருக்கிறார்கள்.

கார் சுமார்தான் என்கிறார்கள். பிறகு எதற்கு அவ்வளவு பாசம்?

கார் சுமார்தான், ஒப்புக்கொள்கிறேன். இன்ஜின் சத்தம் அதிகம், உள்ளே பிளாஸ்டிக் மலிவு, சீட் தாழ்வு. ஹோண்டா சிவிக்கை ஓட்டிவிட்டு இதில் ஏறினால் வித்தியாசம் தெரியும்.

பாசம் வந்தது தப்பு நேர்ந்தபோது அவர்கள் நடந்துகொண்ட விதத்தால். 1991-ல் வெளியிலிருந்து வாங்கிய கூலண்ட் சரியான கலவையில் இல்லாததால் கூலிங் பாகங்கள் அரித்துப்போகும் ஆபத்து வந்தது. மொத்தம் 1,836 கார்கள். ரேடியேட்டரை மாற்றித் தருகிறோம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சாட்டர்ன் காரையே மாற்றிக் கொடுத்தது. இன்னொரு ரீகாலில் (கோளாறுள்ள கார்களைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது), சாய்வு சரியில்லாத ஒரு சீட்டை மாற்ற அலாஸ்காவுக்கே ஆள் போனார். அதை அப்படியே டிவி விளம்பரமாகவும் எடுத்தார்கள். தன் காரில் கோளாறு இருந்தது என்பதையே விளம்பரமாக்க ஒரு தைரியம் வேண்டும். விளம்பரங்களைச் செய்தது சான் பிரான்சிஸ்கோவின் ஹால் ரைனி நிறுவனம். அவற்றில் குதிரைத்திறன் பேச்சே இருக்காது. ஆலைத் தொழிலாளியும் பள்ளி ஆசிரியையும்தான் பேசுவார்கள்.

பலன் கைமேல் கிடைத்தது. 1992-ல் ஜே.டி. பவர் என்ற ஆய்வு நிறுவனத்தின் வாடிக்கையாளர் திருப்திப் பட்டியலில் லெக்ஸஸ், இன்ஃபினிட்டிக்கு அடுத்தது சாட்டர்ன். முன்னால் இருந்த இரண்டும் பணக்காரர் கார்கள், இதன் விலையைப்போல் மூன்று நான்கு மடங்கு. 1994 ஜூனில் "வீட்டுக்கு வாருங்கள்" என்று ஆலை அழைப்பு விடுத்தபோது சுமார் 44,000 பேர் தங்கள் காரோடு ஸ்பிரிங் ஹில்லுக்கு வந்து இறங்கினார்கள். டென்னசி வெயில், நடுவில் இடிமழை, ஆலை வாசலில் நீண்ட வரிசை. தன் காரில் எந்தப் பாகத்தை இவர் பொருத்தினார் என்று தொழிலாளியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள். அந்த வருடம்தான் விற்பனையும் உச்சம், ஏறக்குறைய 2 லட்சத்து 86 ஆயிரம்.

கதவு உண்மையிலேயே பிளாஸ்டிக்கா?

ஆமாம். கதவின் வெளித்தகடு, முன் பின் மட்கார்டு எல்லாம் பாலிமர். பானெட், கூரை, டிக்கி மூடி மட்டும் இரும்பு. உள்ளே இரும்புச் சட்டம் பாரத்தைத் தாங்குகிறது. பிளாஸ்டிக் தகடு வெறும் போர்வைதான், மோதலுக்குப் பாதுகாப்பு தருவது அதுவல்ல. முழங்காலால் கதவை நன்றாக அழுத்தினால் உள்ளே போகும், காலை எடுத்ததும் பழையபடி வந்து நிற்கும். ஷோரூமில் விற்பனையாளர்கள் இதைச் செய்துகாட்டாமல் யாரையும் விடமாட்டார்கள். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி வந்து இடித்தால் நசுங்காது, துருவும் பிடிக்காது.

இதற்கு ஒரு விலை உண்டு. பிளாஸ்டிக் வெயிலில் இரும்பைவிட அதிகம் விரியும். அதற்கு இடம் விட்டாக வேண்டும் என்பதால் கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடைவெளி கண்ணை உறுத்தும் அளவுக்கு இருக்கும். கடும் குளிரில் பலமாக இடித்தால் தகடு நசுங்குவதற்குப் பதில் விரிசல் விட்டுவிடும். அதைத் தட்டி நிமிர்த்த முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

எஸ் வரிசைக் கார்களை நெடுநாள் வைத்திருந்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?

எஸ்எல் செடான், எஸ்சி கூப்பே, எஸ்டபிள்யூ வேகன் மூன்றுக்கும் 2002 வரை ஒரே 1.9 லிட்டர் இன்ஜின்தான், இரண்டு வகையில். ஒற்றை கேம் ஷாஃப்ட் இன்ஜின் 85 குதிரைத்திறனில் தொடங்கிப் பிறகு 100 ஆனது. இரட்டை கேம் ஷாஃப்ட் இன்ஜின் 124. கார் எடை குறைவென்பதால் மேனுவல் கியரில் நெடுஞ்சாலையில் கேலனுக்கு 40 மைலைத் தொடும். டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான்; குறிப்பிட்ட மைலில் மாற்றும் செலவு மிச்சம். இரண்டு லட்சம் மைல் ஓட்டினேன் என்று சொல்பவர்கள் நிறைய.

அவர்களே சிரித்துக்கொண்டு சொல்லும் அடுத்த வார்த்தை: ஆயில் குடிக்கும். பிஸ்டனில் ஆயிலை வழித்துத் தள்ளும் ரிங் கரி படிந்து இறுகிவிடும், ஆயில் மேலே ஏறி எரியும். புகை பெரிதாகத் தெரியாது என்பதுதான் ஆபத்து. இந்த இன்ஜினுக்கு ஆயில் கொள்ளளவே நாலு குவார்ட் (ஏறக்குறைய நாலு லிட்டர்). ஆயில் மாற்றும் தேதிவரை பார்க்காமல் விட்டால் பாதி காலியாகியிருக்கும், செயின் தேயும், ஒருநாள் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அனுபவசாலிகள் பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் மட்டம் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பார்கள். டிக்கியில் எப்போதும் ஒரு ஆயில் பாட்டில் இருக்கும்.

மீதிக் கோளாறுகள் சில்லறைதான், தெரிந்தால். காரணமே இல்லாமல் கார் கிளம்ப மறுக்கும், மைலேஜ் விழும், ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். கூலண்ட் வெப்பநிலை சென்சாரைக் கழற்றிப் பாருங்கள்; பழைய சென்சாரின் முனை பிளாஸ்டிக், அது விரிசல் விடும். பித்தளை முனை உள்ளதைப் போட்டால் தீர்ந்தது. சிக்னலில் நிற்கும்போது கார் முழுவதும் உதறினால் மேல்பக்க இன்ஜின் மவுண்ட் போய்விட்டது என்று அர்த்தம். வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஆட்டோமேட்டிக் கியரில் ரிவர்ஸ் போட்டதும் சற்றுத் தாமதித்துப் "படார்" என்று விழுந்தால் வால்வ் பாடியில் தேய்மானம், அதற்குச் செலவாகும். அந்தக் கியர்பாக்ஸுக்கு இன்ஜின் ஆயில் ஃபில்டர் மாதிரியே வெளியில் திருகி மாட்டும் ஃபில்டர் உண்டு. மெக்கானிக்குகள் அந்த ஒரு விஷயத்துக்காகவே சாட்டர்னைப் புகழ்வார்கள்.

அதற்கப்புறம் வந்த மாடல்கள்?

2000 மாடலாக வந்த எல் வரிசை அப்போது ஜிஎம்மிடம் இருந்த ஐரோப்பியக் கம்பெனி ஓப்பலின் வெக்ட்ராவை அடிப்படையாகக் கொண்டது. டெலாவேர் மாநிலத்தின் வில்மிங்டன் ஆலையில் செய்தார்கள். குறை சொல்ல அதிகமில்லை, நினைவில் வைக்கவும் எதுவுமில்லை.

2002-ல் வந்த வியூ என்ற எஸ்யூவி நன்றாக விற்றது. ஆனால் ஆரம்ப வருடங்களில் நாலு சிலிண்டர் வியூவிலும் ஐயான் என்ற சின்னக் காரின் நாலு கதவு கூப்பேயிலும் வந்த விடிஐ என்ற சிவிடி (தனித்தனி கியர் இல்லாமல் பட்டையால் இயங்கும்) கியர்பாக்ஸ் பெயரைக் கெடுத்தது. உள்ளே உள்ள இரும்புப் பட்டை வழுக்கி, நடுவழியில் நின்றவர்கள் பலர். ஜிஎம் அதற்கு உத்தரவாதத்தை 75,000 மைலுக்கு நீட்ட வேண்டியதாயிற்று. அதே வியூவில் 2004 முதல் 2007 வரை வந்த வி6 வண்டிக்குள் இருப்பது ஹோண்டாவின் 3.5 லிட்டர் இன்ஜின். ஹோண்டாவோடு மோதப் பிறந்த கம்பெனி கடைசியில் ஹோண்டா இன்ஜினையே வாங்கிப் பொருத்தியது! வியூ வாங்குவதென்றால் இன்றும் அதைத்தான் தேடுகிறார்கள்.

ஐயான் 2003-ல் எஸ் வரிசைக்குப் பதிலாக வந்தது. மீட்டர்கள் ஸ்டியரிங்குக்கு எதிரே இல்லாமல் டேஷ்போர்டின் நடுவில். உள்ளே தரம் எஸ் வரிசையைவிடவும் மட்டம். இதன் பெரிய பாவம் பின்னால்தான் தெரிந்தது, அதைக் கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

2007-ல் திடீரென்று நல்ல கார்களாக வந்தன. ஆரா செடான் அந்த வருடம் வட அமெரிக்காவின் சிறந்த கார் விருதை வாங்கியது. ஸ்கை என்ற இரண்டு இருக்கை ரோட்ஸ்டர் அழகி. ரெட் லைன் வகையில் 260 குதிரைத்திறன், இன்றும் விலை நிற்கும் ஒரே சாட்டர்ன் அதுதான். 2008-ல் பெல்ஜியத்திலிருந்து ஆஸ்ட்ராவை இறக்கினார்கள். இந்தியாவில் ஓடிய ஓப்பல் ஆஸ்ட்ராவுக்கு இரண்டு தலைமுறை பிந்தையது. ஆனால் அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

ஜிஎம்மின் மின்சாரக் கார் ஈவி1-ஐ விற்றது சாட்டர்ன்தானா?

விற்கவில்லை, லீஸுக்குக் கொடுத்தது. 1996 கடைசியில் கலிஃபோர்னியாவிலும் அரிசோனாவிலும் சாட்டர்ன் கடைகள் வழியாகத்தான் ஈவி1 வெளியே போனது.

வலப்பக்க ஸ்டியரிங் சாட்டர்ன் பார்த்தேன் என்கிறார் நண்பர். இருக்குமா?

இருக்கும். 1997-ல் ஜப்பானில் கடை திறந்து வலப்பக்க ஸ்டியரிங்கோடு விற்றார்கள். 2001-ல் மூட்டை கட்டினார்கள்.

இத்தனை நல்ல பெயர் இருந்தும் ஏன் மூடினார்கள்?

ஜிஎம்மின் 2009 திவால்தான் காரணம் என்பது பொதுவான பதில். அது கடைசி அடி மட்டுமே.

1990-லிருந்து 1999 வரை சாட்டர்ன் கையில் இருந்தது ஒரே ஒரு கார் வடிவம், கொஞ்சம் கொஞ்சம் மேக்கப்போடு. 1991-ல் எஸ்எல் வாங்கிய இளம் தம்பதிக்கு 1996-ல் இரண்டு குழந்தைகள் இருக்கும். பெரிய கார் வேண்டும் என்று அதே கடைக்குப் போனால் காட்ட ஒன்றுமில்லை. கடையைப் பிடித்திருக்கிறது, ஆட்களைப் பிடித்திருக்கிறது, கார்தான் இல்லை! வேறு வழியில்லாமல் கேம்ரியோ அக்கார்டோ வாங்கினார்கள். சம்பாதித்து வைத்த விசுவாசமெல்லாம் இப்படித்தான் ஜப்பான் கம்பெனிகளுக்குப் போனது.

ஜிஎம் ஏன் புது மாடல் கொடுக்கவில்லை? தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதற்கே வரலாறு காணாத நஷ்டம். சாட்டர்னில் ஏற்கெனவே பல நூறு கோடி டாலர் போயிருந்தது. 1993-ல் கொஞ்சம் லாபம் கண்டதைத் தவிர அது திரும்பி வரவில்லை. அப்புறம் பொறாமை. கடைக்குட்டிக்கு மட்டும் தீபாவளிக்குப் புதுத்துணி எடுத்தால் மூத்ததெல்லாம் என்ன சொல்லும்? ஜிஎம்மின் மற்ற பெயர்களான ஷெவர்லே, ஓல்ட்ஸ்மொபில் டீலர்கள் அதைத்தான் சொன்னார்கள், அவர்கள் குரல் பெரிது. மெல்ல மெல்லத் தனித்தன்மை கரைந்தது. தொழிலாளர்களும் 2003 கடைசியில் வாக்களித்துப் பொதுவான தேசிய ஒப்பந்தத்துக்குத் திரும்பினார்கள். 2007-ல் ஸ்பிரிங் ஹில்லில் சாட்டர்ன் உற்பத்தி நின்றது. பிந்தைய மாடல்களில் பிளாஸ்டிக் கதவும் காணாமல் போனது. பேரமில்லாத விலை மட்டும் மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டு இன்னொரு ஓப்பலை விற்றால் அது எப்படி சாட்டர்ன் ஆகும்?

பென்ஸ்கே வாங்கப்போகிறார் என்று செய்தி வந்ததே?

வந்தது. பந்தயக் கார் உலகிலும் டீலர் தொழிலிலும் பழம் தின்று கொட்டை போட்ட ரோஜர் பென்ஸ்கே 2009 ஜூனில் ஒப்பந்தம் பேசினார். சில காலம் ஜிஎம் கார் செய்து தரும், பிறகு வேறொரு கம்பெனி செய்து தரும் என்பது ஏற்பாடு. அந்த வேறொரு கம்பெனியாக இருந்திருக்க வேண்டிய பிரெஞ்சுக் கம்பெனி ரெனோவின் நிர்வாகக் குழு ஒப்புதல் தரவில்லை. செப்டம்பர் 30 அன்று பென்ஸ்கே விலகினார்; அன்றே ஜிஎம் மூடுவிழாவை அறிவித்தது. நாடு முழுவதும் சுமார் 350 கடைகள், பிழைத்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருந்தவை. 2010 அக்டோபரோடு எல்லாம் முடிந்தது.

ஆலை மட்டும் தப்பித்தது. ஸ்பிரிங் ஹில்லில் இப்போது காடிலாக்கின் மின்சாரக் கார் லிரிக் தயாராகிறது.

உதிரிபாகம் கிடைக்கிறதா?

இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் பாகங்களுக்குக் கவலையில்லை; சாதாரண ஆட்டோ பார்ட்ஸ் கடையிலேயே கிடைக்கும். பிந்தைய மாடல்களுக்கு ஜிஎம்மின் ஷெவர்லே, போன்டியாக் உடன்பிறப்புகளின் பாகமும் பொருந்தும். தலைவலி வெளித்தகடுகளும் உள்ளே உள்ள சில்லறைப் பிளாஸ்டிக்குகளும்தான். பழைய கார் உடைக்கும் யார்டுகளில் அலைய வேண்டும், அங்கேயும் சாட்டர்ன் குறைந்துகொண்டே வருகிறது. எஸ் வரிசைக் கதவுத் தகடுகள் திருகு போட்டு மாட்டியவை என்பதால், அதே நிறத்தில் ஒன்று கிடைத்தால் பெயிண்ட் செலவில்லாமல் மாட்டிவிடலாம். கிடைத்தால்!

சரி, இப்போது ஒன்று வாங்கலாமா?

கல்லூரி முடியும்வரை ஓட்ட ஒரு வண்டி, நீங்களே ஸ்பேனர் பிடிப்பீர்கள் என்றால், நன்றாக வைத்திருந்த எஸ் வரிசை மேனுவல் வாங்கலாம். டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் மட்டத்தைப் பாருங்கள். முன் உரிமையாளர் எப்படிப்பட்டவர் என்று அது சொல்லிவிடும். பனிக்கு உப்புத் தூவும் மாநிலத்து வண்டி என்றால் பளபளக்கும் கதவைப் பார்த்து ஏமாறாமல் கீழே குனிந்து சட்டத்தையும் பிரேக் குழாய்களையும் பாருங்கள். துரு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

2002 முதல் 2005 வரை உள்ள நாலு சிலிண்டர் வியூவில் விடிஐ கியர்பாக்ஸ் இருந்தால் தொடாதீர்கள்.

ஐயானோ ஸ்கையோ வாங்கினால், இக்னிஷன் சுவிட்ச் ரீகால் வேலை முடிந்ததா என்பதை முதலில் பாருங்கள். சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ முழங்கால் பட்டாலோ சுவிட்ச் தானே திரும்பி, ஓடும்போதே இன்ஜின் அணைந்துவிடும். ஏர்பேகும் வேலை செய்யாது. 2014-ல் வெளிவந்த இந்த விவகாரத்தில் ஐயானும் ஷெவர்லே கோபால்ட்டும் உட்பட ஜிஎம் கார்கள் 26 லட்சம் சிக்கின. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. கம்பெனிக்குள் சிலருக்குப் பல வருடங்களாகத் தெரிந்திருந்தும் வெளியே சொல்லவில்லை. 1,836 காரை அப்படியே மாற்றிக் கொடுத்த அதே பெயரில்தான் இதுவும் நடந்தது. காரின் விஐஎன் என்ற அடையாள எண்ணை அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை இணையதளத்தில் போட்டால் பாக்கி இருக்கும் ரீகால்கள் வந்துவிடும். பாக்கி இருந்தால் எந்த ஷெவர்லே டீலரிடமாவது கேட்டுப் பாருங்கள். ரீகால் வேலைக்குக் காசு வாங்க மாட்டார்கள். அது முடியும்வரை சாவியைத் தனியாக, கொத்தில் கோர்க்காமல் போட்டு ஓட்டுங்கள்.